எலும்பில் ஒரு துண்டே போய்விட்டால் என்ன செய்வது? சுண்ணாம்புக் கல்லும் நானோ இழையும் தரும் பதில்

கேமரன் மலையில் லெம்பா பெர்த்தாம் பக்கம் போனவர்களுக்கு அந்தப் பாதை தெரியும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. இன்னொரு பக்கம் காய்கறி, பூத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். நடுவில் வளைந்து வளைந்து போகும் ஒடுக்கமான ரோடு. மழை பெய்தால் சரிவும் வழுக்கும், ரோடும் வழுக்கும்.

இங்கே கை, கால் முறிவது யாருக்கும் புதிய சங்கதி இல்லை. கொழுந்து பறிக்கும் இடத்தில் கால் சறுக்கும். காய்கறிக் கூடையோடு லாரியில் இருந்து விழுவார்கள். வளைவில் மோட்டார் சைக்கிள் கவிழும்.

"மாவுக்கட்டு போட்டா ஒன்றரை மாசத்துல ஒட்டிக்கும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். பெரும்பாலான முறிவுகளுக்கு இது ஓரளவு சரிதான்.

ஆனால் சில விபத்துகளில் எலும்பு முறிவதோடு நிற்பதில்லை. நொறுங்கி, ஒரு துண்டே இல்லாமல் போய்விடுகிறது. கிருமி தொற்றிய எலும்பையும் கட்டி வந்த எலும்பையும் டாக்டர்களே வெட்டி எடுக்க வேண்டி வரும். அப்போது இரண்டு முனைகளுக்கும் நடுவில் வெற்றிடம் விழுகிறது.

அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? சென்னை, திருவனந்தபுரம், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பல ஊர்களின் ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகின்றன. அந்தப் பதில்களில் ஒன்றுதான் நானோ ஹைட்ராக்ஸிஅபடைட்டும் பாலிமர் நானோ இழையும் சேர்ந்த ஒரு வகைப் பொருள்.

பெயர் வாயில் நுழையவில்லையா? கவலை வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எலும்பு தானாகவே வளராதா?

வளரும். உடம்பில் தழும்பு இல்லாமல் பழைய நிலைக்கே திரும்பக்கூடிய திசுக்கள் மிகக் குறைவு. எலும்பு அவற்றில் ஒன்று.

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. சில நாட்களில் மென்மையான திசு உருவாகி இரண்டு முனைகளையும் பாலம் போல இணைக்கிறது. பிறகு அதில் தாதுப்பொருள் படிந்து கெட்டியாகிறது. கடைசியாக, எலும்பைக் கட்டும் செல்களும் எலும்பை அரிக்கும் செல்களும் மாறி மாறி வேலை செய்து அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டு வருகின்றன.

முறிவு இல்லாவிட்டாலும் இந்த வேலை நிற்பதில்லை. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது.

சிக்கல், இடைவெளி பெரிதாகும்போது வருகிறது. ஆற்றின் இரு கரைகள் போல முனைகள் விலகி நின்றால், செல்கள் ஏறிக் கடக்க வழி இல்லை. நடுவில் சதைத் திசு புகுந்துவிடும். நீண்ட எலும்புகளில் சுமார் 2 சென்டிமீட்டருக்கு மேல் இழப்பு இருந்தால் அது தானாக ஆறுவது கடினம் என்பது டாக்டர்களின் பொதுவான கணக்கு. எந்த எலும்பு, எத்தனை வயது, சுற்றியுள்ள சதையும் ரத்த ஓட்டமும் எப்படி என்பதைப் பொறுத்து இந்த அளவு மாறும்.

லெம்பா பெர்த்தாமில் பீன்ஸ் போடுகிறவர்களிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: கொடிக்கு உயிர் இருந்தால் மட்டும் போதாது, பிடித்து ஏற ஏதாவது வேண்டும். கம்பு நட்டு, கயிறு கட்டி, வலை விரித்தால்தான் கொடி மேலே போகும். எலும்புத் திசுப் பொறியியல் என்பது, எலும்புச் செல்களுக்கு அப்படி ஒரு பந்தல் போட்டுக் கொடுக்கும் வேலை.

இப்போது டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்?

முதல் வழி, நோயாளியின் சொந்த எலும்பு. பெரும்பாலும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் இருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியில் வைப்பார்கள். அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் இருக்கின்றன. உடம்பும் அதை அந்நியமாகப் பார்க்காது. இன்றைக்கும் மற்ற எல்லா முறைகளையும் இதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. காலுக்கு வந்தவருக்கு இடுப்பிலும் ஒரு காயம். சிலருக்கு அந்த வலி பல மாதங்கள் தொடரும். எடுக்கக்கூடிய எலும்பும் அளவானதுதான்.

இரண்டாவது வழி, தானமாகப் பெற்ற எலும்பு. பதப்படுத்தி, கிருமி நீக்கி, திசு வங்கிகளில் வைத்திருப்பார்கள். மலேசியாவில் கிளந்தான், குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் 1990களிலேயே திசு வங்கி செயல்படத் தொடங்கியது.

மூன்றாவது, சோவியத் ரஷ்யாவின் குர்கான் நகரில் இலிஸாரோவ் என்ற டாக்டர் உருவாக்கிய வளையச் சட்ட முறை. காலைச் சுற்றி உலோக வளையங்களை மாட்டி, எலும்பின் நல்ல பகுதியில் ஒரு வெட்டுப் போட்டு, அந்தத் துண்டை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் இழுப்பார்கள். இழுத்த இடத்தில் புது எலும்பு உருவாகும்.

இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் இழுப்பதற்கு மட்டும் 50 நாள். அது கெட்டியாக அதைவிட நீண்ட காலம் ஆகும். அதுவரை சட்டம் காலிலேயே இருக்கும். அடிக்கடி பரிசோதனைக்கும் போக வேண்டும்.

தானா ராத்தாவில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி பெரிய எலும்பு அறுவைச் சிகிச்சைக்கு ஈப்போ போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளுக்குப் போக வேண்டும். ரிங்லெட்டில் இருந்து தாப்பாவுக்கே சுமார் 45 கிலோமீட்டர் மலைப்பாதை. சட்டம் மாட்டிய காலோடு, நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அந்த வளைவுகளில் இறங்கி ஏறுவது ஒரு தோட்டக் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான்காவது வழி, எலும்புக்குப் பதிலாக வைக்கும் மாற்றுப் பொருள்.

"டாக்டர், இது எந்த எலும்பு?"

மாற்றுப் பொருள் என்றதும் நம் நாட்டில் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறே இல்லை.

உலகச் சந்தையில் உள்ள எலும்பு மாற்றுப் பொருட்களில் கணிசமானவை மாட்டு எலும்பில் இருந்து வருபவை. புரதத்தை எல்லாம் நீக்கி, தாதுவை மட்டும் வைத்திருப்பார்கள். பல் மருத்துவத்தில் இவை மிகவும் பரவலாகப் பயன்படுகின்றன. மருத்துவத்தில் பயன்படும் கொலாஜன் சவ்வுகளும் பஞ்சுகளும் மாட்டில் இருந்தோ பன்றியில் இருந்தோ வரலாம்.

மாட்டு எலும்பை உடம்பில் வைக்க ஓர் இந்துக் குடும்பம் தயங்கலாம். பன்றி என்றால் முஸ்லிம் குடும்பம் ஏற்காது. அவசர அறுவைச் சிகிச்சையின்போது இதைப் பேச நேரம் கிடைப்பதில்லை. முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால், கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

விலங்கே சம்பந்தப்படாமல் எலும்பின் தாதுவைச் செய்ய முடியுமா? முடியும்.

சுண்ணாம்புக் கல் எலும்பாகுமா?

ரிங்லெட்டில் இருந்து தாப்பாவுக்கு இறங்கி, வடக்கே ஈப்போவுக்குப் போகும்போது கோப்பேங் அருகே நெடுஞ்சாலையை ஒட்டிச் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தெம்புரோங் குகை இருப்பது அங்கேதான். அந்தக் கல் கால்சியம் கார்பனேட். நம் எலும்பில் இருக்கும் தாது கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் பொதுவானது கால்சியம்.

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். அந்தத் தாதுவுக்கு மிக நெருக்கமான ஒன்றுதான் ஹைட்ராக்ஸிஅபடைட். அதில் 10 கால்சியத்துக்கு 6 பாஸ்பரஸ் என்ற கணக்கு இருக்கும். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீரில் நீர்த்து, பாஸ்பரிக் அமிலத்தைச் சரியான அளவில், சரியான வேகத்தில் சேர்த்தால் வெள்ளை வண்டலாக அது படியும். வடிகட்டி, உலர்த்தி, சூளையில் சுட்டால் எலும்புத் தாதுவை ஒத்த பீங்கான் கிடைக்கும்.

கேட்க எளிதாக இருந்தாலும், மருத்துவத் தரத்துக்குக் கொண்டு வருவதுதான் கஷ்டம். ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சுகள் அனுமதித்த அளவைத் தாண்டவே கூடாது. ஒவ்வொரு தடவையும் அதே தரம் வர வேண்டும்.

மலேசியா இதைச் செய்து காட்டியிருக்கிறது. சிரிம் நிறுவனம், மலேசிய அணுசக்தி நிறுவனம், உள்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, உள்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு 'கிரானுமாஸ்' என்ற எலும்பு மாற்றுத் துகளை உருவாக்கின. பிறகு அது கிரானுலாப் நிறுவனத்தின் மூலம் சந்தைக்கு வந்தது. ஹலால் சான்றிதழும் பெற்றது. விலங்கு எதுவும் இல்லாததால் இந்து நோயாளிகளின் தயக்கத்துக்கும் இதில் இடமில்லை.

சுண்ணாம்புக் கல்தான் வேண்டும் என்றும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி.எஸ். சம்பத்குமார் குழுவினர், குப்பையில் போகும் முட்டை ஓட்டில் இருந்து நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் செய்யும் முறையை 2007-இல் வெளியிட்டார்கள். முட்டை ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான்.

சரி, அந்த 'நானோ' எதற்கு?

'நானோ' என்றதும் விளம்பரச் சொல் போலத் தோன்றலாம். இங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. நம் எலும்பே நானோ அளவில் கட்டப்பட்டதுதான்.

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். எலும்பில் உள்ள தாதுப் படிகங்கள் பல பத்து நானோமீட்டர் நீளமும், சில நானோமீட்டர் தடிமனும் மட்டுமே கொண்ட மெல்லிய தகடுகள். அவை கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு உள்ளேயும் மேலேயும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

வீடு கட்டும்போது கம்பியும் சிமெண்டும் சேர்வது போலத்தான் இதுவும். வெறும் சிமெண்ட் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் வளைத்தால் உடையும். வெறும் கம்பி வளையும், ஆனால் நிற்காது. எலும்பில் கொலாஜன்தான் கம்பி, தாதுதான் சிமெண்ட்.

இன்னொரு காரணம் பரப்பளவு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 100 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டராகும். ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டின் தரை அளவு!

செல்கள் கல்லை நேராகத் தொடுவதில்லை. ரத்தத்தில் உள்ள புரதங்கள் முதலில் மேற்பரப்பில் ஒட்டும். செல்கள் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். 100 நானோமீட்டருக்கும் குறைவான துகள்களால் ஆன பீங்கானில் எலும்பு கட்டும் செல்கள் நன்றாக ஒட்டிச் சுறுசுறுப்பாக வேலை செய்வதை, அமெரிக்காவின் ரென்ஸலர் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் காட்டினார்கள். அதன் பிறகு இந்தத் துறை வேகம் பிடித்தது.

இழையை எப்படி நூற்கிறார்கள்?

தாது கிடைத்துவிட்டது. ஆனால் அது மட்டும் போதாது. ஹைட்ராக்ஸிஅபடைட் பீங்கான் மாதிரி, தட்டினால் உடையும். கம்பிக்குப் பதிலாக ஏதாவது வேண்டும். அங்கேதான் பாலிமர் நானோ இழை வருகிறது.

திருவிழாவில் பஞ்சு மிட்டாய் செய்வதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? உருகிய சர்க்கரை சுழலும்போது மெல்லிய இழையாகப் பறக்கும். நானோ இழையும் பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் இங்கே சுழற்சிக்குப் பதில் மின்சாரம்.

பாலிமரைக் கரைத்து ஒரு ஊசிக்குழாயில் நிரப்புவார்கள். ஊசி முனைக்கு 10,000 முதல் 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்பார்கள். வீட்டுக் கரண்ட் சுமார் 230 வோல்ட் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசி முனையில் உள்ள துளி கூம்பு போல நீண்டு, அதில் இருந்து ஒரு மெல்லிய தாரை பீறிடும். அது சாட்டை போலச் சுழன்று சுழன்று மெலியும். வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிடும். எதிரே உள்ள உலோகத் தகட்டில் வெள்ளைத் துணி போல இழைகள் படியும்.

ஓர் இழையின் தடிமன் 300 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தலைமுடியை விட 250 மடங்குக்கு மேல் மெலிது. கிட்டத்தட்ட உடம்பில் உள்ள கொலாஜன் இழையின் அளவு. செல்லுக்கு அது பழகிய இடம் மாதிரி.

இந்த நுட்பம் புதிது என்று நினைக்க வேண்டாம். 1902-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். 1990களுக்குப் பிறகுதான் மருத்துவ ஆய்வில் இது பெரிய அளவில் பரவியது.

பயன்படுத்தும் பாலிமர்களும் முற்றிலும் அந்நியமானவை இல்லை. பாலிலாக்டிக் அமில வகைகளைக் கரையும் தையல் நூலாக டாக்டர்கள் ஏற்கனவே பயன்படுத்துகிறார்கள். பாலிகாப்ரோலாக்டோன் என்பது மெதுவாக, இரண்டு மூன்று ஆண்டுகளில் கரைவது. இறால் ஓட்டில் இருந்து எடுக்கும் கைட்டோசான், பட்டு, ஜெலட்டின் ஆகியவற்றையும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

தாதுவை இழையில் எப்படிச் சேர்ப்பது?

இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, நானோ துகள்களைக் கரைசலிலேயே கலந்து நூற்பது. இதில் ஒரு தொல்லை: மாவு கரைக்கும்போது கட்டி தட்டுவது போல நானோ துகள்களும் கட்டி தட்டும். அளவு மிஞ்சினால் இழை பொடியும்.

இன்னொன்று, இழையை முதலில் நூற்றுவிட்டு, ரத்தத்தில் உள்ள உப்புகளைப் போன்ற கரைசலில் ஊற வைப்பது. சில நாட்களில் தாது தானாக இழையின் மேல் படியும். ஜப்பானின் கொகுபோ என்ற ஆய்வாளர் 1990 வாக்கில் உருவாக்கிய அந்தக் கரைசல் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

இரண்டும் சேர்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாலிலாக்டிக் வகை இழைகள் கரையும்போது அமிலம் வெளிப்படும். அமிலம் கூடினால் சுற்றியுள்ள திசு வீங்கலாம். ஹைட்ராக்ஸிஅபடைட் அந்த அமிலத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

சென்னை–சிங்கப்பூர் ஆய்வு என்ன சொன்னது?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சீராம் ராமகிருஷ்ணா குழு, நானோ இழை ஆய்வில் உலக அளவில் அறியப்பட்டது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜே. வேணுகோபால், சென்னை ஐ.ஐ.டி.யின் சம்பத்குமார் உள்ளிட்டோர் சேர்ந்து 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்.

கொலாஜனை மட்டும் நூற்ற இழை ஒரு பக்கம். கொலாஜனோடு நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் சேர்த்து நூற்ற இழை இன்னொரு பக்கம். இரண்டின் மேலும் எலும்பு கட்டும் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். தாது சேர்ந்த இழையில் வளர்ந்த செல்கள் கூடுதலாக எலும்புத் தாதுவைப் படிய வைத்தன.

இது ஆய்வுக்கூடத் தட்டில் நடந்தது, மனித உடம்பில் அல்ல. இந்த வேறுபாடு முக்கியம்.

விலங்குகளில் இதே மாதிரிச் சிந்தனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே இழைக்குப் பதிலாக, மேற்பூச்சு கொடுத்த ஹைட்ராக்ஸிஅபடைட் பீங்கானில் ஆட்டின் ஸ்டெம் செல்களை வளர்த்து, ஆட்டின் தொடை எலும்பில் வெட்டிய இடைவெளியில் வைத்துப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வில், செல் சேர்த்த பீங்கானில் எலும்பு சிறப்பாக வளர்ந்தது. மலேசியாவிலும் மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் திசுப் பொறியியல் குழுக்கள் இயங்குகின்றன.

அப்படின்னா ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரலை?

துகளும் இழையும் இப்போது ஒரே இடத்தில் இல்லை. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஹைட்ராக்ஸிஅபடைட் துகள்களும் கட்டிகளும் ஏற்கனவே மருத்துவமனைகளில் பயன்பாட்டில் உள்ளன. 1980களின் நடுப்பகுதியில் இருந்தே செயற்கை இடுப்பு மூட்டுகளுக்கு இதைப் பூச்சாகப் பூசுகிறார்கள். ஆனால் நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் சேர்த்த நானோ இழைப் பந்தல், பெரிய எலும்பு இடைவெளிக்கான வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் இருக்கிறது.

காரணங்கள் பல.

முதலாவது, துளைகள். நானோ இழைத் துணி மிக நெருக்கமாக நெய்யப்பட்டது போல இருக்கும். செல்கள் மேலே படர்கின்றன, உள்ளே போக முடிவதில்லை. எலும்பும் ரத்தக் குழாயும் உள்ளே வளர சுமார் 100 முதல் 300 மைக்ரோமீட்டர் வரை துளை வேண்டும். அவ்வளவு பெரிய துளை போட்டால் நானோ இழையின் வலு குறைகிறது. இதனால்தான் இப்போது முப்பரிமாண அச்சில் பெரிய சட்டம் செய்து, அதற்குள் நானோ இழையை வைக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

இரண்டாவது, பலம். நடக்கும்போது கால் எலும்பின் மேல் உடம்பு எடையைப் போலப் பல மடங்கு சுமை விழுகிறது. பஞ்சு போன்ற இழை அதைத் தாங்காது. எந்தப் பந்தல் வைத்தாலும், எலும்பு வளரும் வரை உலோகத் தகடோ கம்பியோ தாங்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, ரத்த ஓட்டம். ரத்தக் குழாயில் இருந்து சுமார் 200 மைக்ரோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் போதாது. சின்ன எலியின் மண்டை ஓட்டில் வேலை செய்தது, மனிதனின் கால் எலும்பில் வேலை செய்யாமல் போக இது ஒரு பெரிய காரணம்.

நான்காவது, நேரக் கணக்கு. பந்தல் சீக்கிரம் கரைந்தால் கொடி விழுந்துவிடும். கரையாமலே கிடந்தால் எலும்பு வளர இடம் இருக்காது. இளைஞருக்கும் முதியவருக்கும் எலும்பு வளரும் வேகமே வேறு.

ஐந்தாவது, தயாரிப்பு. சில கரைப்பான்கள் நச்சுத்தன்மை உள்ளவை. துளிகூட மிஞ்சக் கூடாது. ஒரு ஊசியில் நாள் முழுக்க நூற்றாலும் கிடைப்பது கொஞ்சம்தான். கிருமி நீக்கச் சூடாக்கினால், 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும் பாலிகாப்ரோலாக்டோன் போன்றவை உருகிவிடும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதத்துக்கு அமெரிக்காவில் 2002-இல் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அனுமதி இல்லாத கழுத்துப் பகுதியிலும் அதைச் சிலர் பயன்படுத்தினார்கள். சில நோயாளிகளுக்குத் தொண்டை வீங்கி மூச்சுவிடவே சிரமமானது. 2008-இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட வேண்டி வந்தது. எலும்பு வளர்கிறது என்பது மட்டும் போதாது. எங்கே, எவ்வளவு, எதுவரை வளர்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

கால்சியம் மாத்திரை சாப்பிட்டா இதே வேலை நடக்காதா?

நடக்காது. மாத்திரையில் உள்ள கால்சியம் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. குறைபாடு இருந்தால் அது உதவும். ஆனால் எலும்பில் விழுந்த இடைவெளியை அது பாலம் போட்டு நிரப்பாது. அதேபோல, இந்த நானோ இழை வயதானவர்களின் எலும்புத் தேய்மானத்துக்கான மருந்தும் அல்ல. 'நானோ கால்சியம் உடைந்த எலும்பை ஒட்ட வைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது விற்றால் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நோயாளி என்ன கேட்கலாம்?

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ எலும்பு மாற்றுப் பொருள் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

இந்தப் பொருள் எதில் இருந்து செய்யப்பட்டது: மனிதர், மாடு, பன்றி, அல்லது செயற்கையா?

மலேசியாவில் 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டதா, அல்லது ஆய்வுக்காகப் பயன்படுத்துகிறீர்களா?

எனக்குச் சொந்த எலும்பை எடுத்து வைப்பது ஏன் பொருந்தவில்லை?

இது கரையுமா, உள்ளேயே இருக்குமா? எப்போது காலை ஊன்றலாம்?

ஆய்வு என்று சொன்னால், எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் கேட்பார்கள். மலாய் அல்லது ஆங்கிலப் படிவம் புரியவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்க வேண்டும்.

இன்னொன்று, நம் கையிலேயே இருப்பது. எந்தப் பொருளை வைத்தாலும் எலும்பைக் கட்டப் போவது நம் சொந்தச் செல்கள்தான். புகை பிடிப்பது எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்துகிறது. கட்டுப்படாத நீரிழிவும் அப்படித்தான். முறிவு ஆறும் வரையாவது சிகரெட்டை விடுவதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், முட்டை, மீன், பருப்பு என்று புரதம் சேர்த்துக்கொள்வதும் எந்த நானோ பொருளுக்கும் குறைந்த உதவி அல்ல.

அப்படியானால் எதிர்காலம்?

லெம்பா பெர்த்தாமில் பந்தல் போடுகிறவர், 'நான்தான் காய் காய்க்க வைத்தேன்' என்று சொல்ல மாட்டார். மண், தண்ணீர், விதை எல்லாம் சரியாக இருந்தால் கொடி தானே ஏறும் என்பது அவருக்குத் தெரியும். அறுவடை முடிந்ததும் பழைய கயிறு மண்ணோடு போய்விடும்.

ஆய்வாளர்கள் தேடுவதும் அப்படி ஒரு பந்தலைத்தான். செல் ஏறும் வரை நிற்க வேண்டும், ரத்தக் குழாய்க்கு வழி விட வேண்டும், வேலை முடிந்ததும் சத்தம் இல்லாமல் கரைந்துவிட வேண்டும். தாதுவை எப்படிச் செய்வது என்று தெரிந்துவிட்டது. மெல்லிய இழையை எப்படி நூற்பது என்றும் தெரிந்துவிட்டது. ஒரு மனிதக் காலின் சுமையையும் ரத்த ஓட்டத்தையும் தாங்கும் அளவுக்கு இரண்டையும் சேர்ப்பதுதான் மிச்சம் இருக்கிறது.

அது நடக்கும் நாளில், மலையில் இருந்து வரும் ஒரு தொழிலாளி இடுப்பில் இன்னொரு காயம் இல்லாமல், காலில் மாதக்கணக்கில் இரும்பு வளையம் இல்லாமல் வீடு திரும்பலாம். அதுவரைக்கும் மழை நாளில் வளைவில் மெதுவாகப் போங்கள். இருக்கிற எலும்புக்கு ஈடான எலும்பை எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் செய்யவில்லை.